காக்கையைப் பார்க்கப் பழகுவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதல் நாளே காக்கையைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஒருமுறை ஓர் அரிய பறவைக்காக மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தேன். அது வரவேயில்லை. எதிரே ஒரு காக்கை மட்டும் ரொட்டித் துண்டு ஒன்றைப் புல்லுக்கடியில் ஒளிப்பதும், எடுப்பதும், வேறு இடத்தில் ஒளிப்பதுமாக இருந்தது. அன்றைக்கு நோட்டில் எழுத இருந்தது அது ஒன்றுதான். இன்றுவரை என் நோட்டுகளில் நான் திரும்பத் திரும்பப் படிப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

காக்கைக் குடும்பத்தில் பறவை எளிதாகக் கிடைத்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அது என்ன செய்தது என்று முழுதாகப் பார்ப்பதற்குள், “எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!” என்று நம் மனம் ஒரு கதையைக் கட்டி முடித்துவிடும். கதையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் பறவையைப் பார்ப்பது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 130 இனங்கள் உண்டு. காகம், அண்டங்காக்கை, உருவத்தில் பெரிய ரேவன், ஐரோப்பாவில் தெரிந்த ரூக், சின்ன உருவமான ஜாக்டா, மேக்பை, வால்காக்கை, நட்கிராக்கர், அப்புறம் ஜே என்ற பெயரில் வரும் பல வண்ணப் பறவைகள். அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் யாராவது ஒருவர் இருப்பார். கறுப்பை மட்டும் தேடினால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும். ஜேக்களில் பலவற்றுக்கு நல்ல நீலம். ஆனால் அந்த இறகில் நீல நிறமி என்று எதுவும் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால் வரும் நிறம் அது.

பெயரை நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. பனங்காடையைப் பழைய ஆங்கில வழக்கில் ‘புளூ ஜே’ என்பார்கள். அதற்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலிய மேக்பையும் அப்படித்தான். கரிச்சான் கறுப்பாக இருந்தாலும் காக்கை ஆகாது. தடித்த அலகு, பெரும்பாலான இனங்களில் மூக்குத் துளையை மூடியிருக்கும் மயிர் போன்ற இறகுகள், தரையில் உறுதியாக ஊன்றும் கால்கள் என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அடையாளத்துக்கு இது போதும். இனம் கண்டுபிடிப்பதிலேயே மாதங்களைச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு இடம், ஒரு ஜோடி

நடந்து சுற்றாதீர்கள். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். இரண்டு வாரம் போனால் போதும், ‘காக்கைகள்’ என்று கூட்டமாகத் தெரிந்தவை தனித்தனி ஆட்களாகப் பிரியத் தொடங்கும். எந்த ஜோடி எந்த மரத்தைத் தனதாக்கி வைத்திருக்கிறது, யார் வந்தால் யார் விலகுகிறார்கள் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

ஆள் அடையாளத்துக்கு நொண்டும் கால், வளைந்த அலகு, வெள்ளைத் திட்டு போன்றவை உதவும். உதிர்ந்த இறகை மட்டும் நம்பாதீர்கள். இறகு மாற்றும் பருவத்தில் அது முளைத்துவிடும், நீங்கள் புதுப் பறவை வந்துவிட்டது என்று எழுதிவைப்பீர்கள். வயதுக்கும் குறி உண்டு: பல இனங்களில் குஞ்சின் கண் சாம்பல் கலந்த நீலமாகவும், வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். ஒன்று கவனம்: இறக்கையைப் படபடத்து வாயைத் திறந்து இரை கேட்பதெல்லாம் குஞ்சுதான் என்று நினைக்காதீர்கள். அடைகாக்கும் பெட்டையும் ஆணிடம் அப்படியே கேட்கும்.

பைனாகுலரை அவசரமாகத் தூக்காதீர்கள். நேராக முறைத்துப் பார்த்தால் பறவை நகர்ந்துவிடும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வேறு எதையோ பார்ப்பது போல உட்கார்ந்தால் அது தன் வேலையைத் தொடரும். கொஞ்சம் நடிக்கத்தான் வேண்டும்.

நோட்டில் நடுவே ஒரு கோடு

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘செய்தது’, வலப்பக்கம் ‘நான் நினைத்தது’. “காக்கை கோபமாகத் துரத்தியது” என்பது இடப்பக்கத்தில் வரக்கூடாது. “தலை இறகு சிலிர்த்தது, மூன்று முறை கரைந்தது, மற்றதை நோக்கி ஏழெட்டு அடி பறந்தது” என்பதுதான் அங்கே. கோபம் வலப்பக்கம் போகட்டும்.

இது பள்ளிக்கூட ஒழுங்கு போலத் தோன்றலாம். ஆனால் பெரிய ஆட்களும் இங்கேதான் தடுக்கினார்கள். காக்கைகள் வால்நட் கொட்டையை வண்டிச் சக்கரத்தில் வைத்து உடைக்கின்றன என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஜப்பானின் செண்டாய் நகரத்துக் காக்கைகளிடம் அந்தப் பழக்கம் இருப்பதாகப் பதிவுகள் உண்டு. கலிபோர்னியாக் காக்கைகளைப் பற்றியும் அதே பேச்சு இருந்தது. அங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். வண்டி வரும்போதும் வராதபோதும் காக்கைகள் ஒரே மாதிரிதான் சாலையில் கொட்டையைப் போட்டன. கொட்டை உடையக் கடினமான தரை வேண்டும், சாலை கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான். 1997இல் அந்த முடிவு வெளிவந்தது. வண்டி வராதபோது என்ன நடக்கிறது என்று எண்ணும் பொறுமை ஒருவருக்கு இருந்ததால்தான் அது தெரிந்தது.

பெட்டி என்ற காக்கையின் கதையும் அப்படி. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காக்கைகள் தாழை இலையைக் கிழித்தும் குச்சியைக் கொக்கியாக்கியும் மரப் பொந்திலிருந்து புழு எடுப்பதை 1996இல் கவின் ஹண்ட் விவரித்தார். 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் அந்த இனத்துப் பெட்டி, நேரான கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் இருந்த சின்ன வாளியைத் தூக்கிவிட்டது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பதினான்கு ஆண்டு கழித்துத்தான், அந்த இனம் தன் வழக்கமான குச்சிகளையும் இப்படி வளைக்கிறது என்று தெரியவந்தது. பெட்டி கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நொடியில் புதிதாகக் கண்டுபிடித்தாளா, பழகிய கைவேலையைக் கம்பியில் காட்டினாளா என்பது வேறு கேள்வி. உங்கள் நோட்டின் கோடு இந்த இரண்டையும் பிரித்து வைக்கத்தான்.

ஒளித்து வைப்பதைப் பிடியுங்கள்

இந்தக் குடும்பத்தில் பார்க்கச் சுவையானது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். காக்கை கரைந்து கூட்டத்தைக் கூப்பிட்டு, எதையும் ஒளிக்காமல் உண்ணும் என்றே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கூப்பிடுவதும் நடக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை பதுக்கல்காரர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இரை எடுத்த பறவை உடனே தின்னாமல் நடக்கத் தொடங்கினால் உஷாராகுங்கள். தொண்டை உப்பியிருக்கிறதா பாருங்கள். பிறகு அது தலையைத் தாழ்த்தி, அலகால் தரையில் குத்தி, எதையோ நுழைத்து, பக்கத்தில் இருக்கும் சருகு அல்லது கல்லை எடுத்து மேலே வைக்கும். அந்தச் சருகு வைக்கும் அசைவுதான் உறுதியான அடையாளம். நேரம், இடம், சுற்றிலும் வேறு பறவை இருந்ததா, எத்தனை தூரத்தில் என்று நான்கையும் எழுதுங்கள். கடைசி இரண்டை மறந்தால் மற்ற இரண்டுக்கும் மதிப்பில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 2001இல் நேதன் எமரியும் நிக்கோலா கிளேட்டனும் ஸ்க்ரப் ஜேக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்னொரு ஜே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒளித்த பறவை, பிறகு தனியாக விடப்பட்டதும், இரையை எடுத்து வேறு இடத்தில் ஒளித்தது. ஆனால் எல்லாப் பறவையும் அப்படிச் செய்யவில்லை. முன்பு தானே அடுத்தவர் பதுக்கலைத் திருடிய பறவைகள்தான் இடம் மாற்றின. திருடிப் பழகாதவை அப்படியே விட்டுவிட்டன. திருடனுக்குத்தான் பூட்டின் அருமை தெரியும் என்பது போல.

நினைவாற்றல் பற்றியும் இதே ஜேக்கள் சொல்லித் தந்தன. கிளேட்டனும் ஆண்டனி டிக்கின்சனும் 1998இல் வெளியிட்ட சோதனையில், ஜேக்களுக்குப் புழுவும் நிலக்கடலையும் ஒளிக்கக் கிடைத்தன. புழு சுவையானது, ஆனால் நாளானால் கெட்டுப்போகும் என்பதைப் பறவைகள் முன்பே பட்டறிந்திருந்தன. ஒளித்து 4 மணி நேரம் ஆனதும் தேடவிட்டால் புழு வைத்த இடத்துக்குப் போயின. 124 மணி நேரம் கழித்து விட்டால் கடலைக்குப் போயின. என்ன வைத்தோம், எங்கே வைத்தோம், வைத்து எவ்வளவு நாளாயிற்று என்ற மூன்றும் சேர்ந்து நினைவில் இருந்தால்தான் இது நடக்கும்.

வட அமெரிக்க மலைகளில் வாழும் கிளார்க் நட்கிராக்கரின் கணக்கு இன்னும் பெரிது. நாக்குக்கு அடியில் இருக்கும் பையில் பைன் விதைகளை நிரப்பிக்கொண்டு போய், ஒரு பருவத்தில் பல்லாயிரம் விதைகளைச் சிறுசிறு குவியலாக மண்ணில் புதைக்கும். மாதங்கள் கழித்து, பாறை, மரம் போன்றவற்றை அடையாளமாக வைத்துத் தோண்டி எடுக்கும். வெண்பட்டைப் பைன் மரத்தின் காய்கள் தானாக விரிவதில்லை. விதை பரவ அந்த மரம் இந்தப் பறவையைத்தான் நம்பியிருக்கிறது. ஐரோப்பிய ஜே இதே வேலையை ஓக் மரத்துக்குச் செய்கிறது. இலையுதிர் காலத்தில் தொண்டையில் நான்கைந்து கொட்டை, அலகில் ஒன்று என்று சுமந்துபோய், ஒவ்வொன்றாகத் தனித்தனி இடத்தில் புதைக்கும். எடுக்காமல் விட்டவற்றில் சில முளைக்கும். தாய் மரத்திலிருந்து வெகுதூரத்தில், மேட்டில்கூட ஓர் ஓக் கன்று நின்றால், அங்கே அதை ஊன்றியது ஒரு ஜேயாக இருக்கலாம்.

பறவை போனதும் ஒளித்த இடத்தைத் தோண்டிப் பார்க்க ஆசை வரும். நானும் போய்ப் பார்த்தேன், சருகுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ரேவன்கள் ஒளிப்பது போலப் பாவனை செய்வது உண்டு. என் காக்கையும் அதைத்தான் செய்ததா, இரண்டு அடி தள்ளித் தேடினேனா? அது வலப்பக்கத்தில் கேள்விக்குறியோடு இருக்கிறது. அதன் பிறகு நான் தோண்டுவதில்லை. அது அவர்களுடைய சேமிப்பு.

கூச்சல் கேட்டால் அந்தப் பக்கம் போங்கள்

சாதாரணமாகக் கரைவதற்கும், பத்துப் பதினைந்து பறவை சேர்ந்து விடாமல் கத்துவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாரத்தில் காதுக்குப் பிடிபட்டுவிடும். இரண்டாவது கேட்டால் மெதுவாக அந்தப் பக்கம் போய், பறவைகளைப் பார்க்காமல், அவை எதை நோக்கி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். நடுவில் ஆந்தையோ பருந்தோ பூனையோ இருக்கும். நான் பார்த்த ஆந்தைகளில் பாதிக்கு மேல் காக்கைகள் காட்டிக்கொடுத்தவைதான். சிரமமில்லாத வழி.

ஜேக்களின் விஷயத்தில் காதையும் முழுதாக நம்ப முடியாது. வட அமெரிக்க நீல ஜே, பருந்தின் குரலை அச்சு அசலாக எழுப்பும். மற்ற பறவைகளை விரட்டவா, தன் கூட்டத்தை எச்சரிக்கவா என்பது விவாதமாகவே இருக்கிறது. குரல் கேட்டதும் நோட்டில் ‘பருந்து’ என்று எழுதாமல், பருந்தைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

செத்த காக்கையைச் சுற்றிக் கூட்டம் கூடுவதைப் பார்த்தால் ‘துக்கம்’ என்று எழுதக் கை பரபரக்கும். கேலி ஸ்விஃப்ட், ஜான் மார்ஸ்லஃப் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முகமூடி அணிந்த ஆள் செத்த காக்கையைக் கையில் ஏந்தி நின்றார். அந்த முகத்தைக் காக்கைகள் வாரக்கணக்கில் நினைவில் வைத்துத் திட்டின. அந்த இடத்தில் இரை எடுக்கவும் தயங்கின. இங்கே யார் ஆபத்து, எந்த இடம் ஆபத்து என்று கற்றுக்கொள்ளும் வேலை அங்கே நடக்கிறது என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் துக்கமும் இருக்கிறதா என்பதற்கு வலப்பக்கம்தான் இடம்.

செத்த பறவையை வெறும் கையால் தொடாதீர்கள். 1999இல் நியூயார்க்கில் வெஸ்ட் நைல் வைரஸ் வந்தபோது காக்கைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. நோயின் முதல் அறிகுறி பல நேரம் இவர்களிடம்தான் தெரியும். பல பறவை ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சொல்லிவிடுங்கள்.

அவை உங்களையும் பார்க்கின்றன

2006இல் சியாட்டிலில் மார்ஸ்லஃப் குழுவினர் குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கத்தித் தீர்த்தன. வேறு முகமூடி போட்டால் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆண்டுகள் போகப்போக, பிடிபடாத காக்கைகளும் சேர்ந்து திட்டத் தொடங்கின. பகை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது.

ஆகவே உங்கள் முகம் அங்கே எப்படிப் பதிகிறது என்பது உங்கள் கையில். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பல நாடுகளில் கூட்டைக் கலைப்பது சட்டப்படியும் குற்றம். கூட்டுப் பருவத்தில் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு பறவை பாய்ந்தால், திட்டிக்கொண்டு நிற்காமல் அந்த வழியைச் சில வாரம் விட்டுவிடுங்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இன்னொன்று: தரையில் தத்தித் திரியும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது. உடம்பில் இறகு மூடியிருந்து, வால் மட்டும் குட்டையாக இருந்தால், அது கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு. பறக்கப் பழகும் நாட்களில் தரையில்தான் இருக்கும். பெற்றோர் மேலே கிளையில் இருப்பார்கள். காயமோ ஆபத்தோ இல்லையென்றால் விலகி வாருங்கள். பூனையோ வண்டியோ வரும் இடமென்றால், பக்கத்துப் புதரில் ஏற்றி விட்டால் போதும்.

ஒரு சின்னச் சோதனை

ஒரு மாதம் பார்த்த பிறகு, தோலோடு இருக்கும் உப்பில்லாத நிலக்கடலை கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியைக் கவனமாகப் பிளந்து, பருப்பை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டை மறுபடி ஒட்டி விடுங்கள். இரண்டையும் கலந்து வைத்துத் தூரமாக உட்காருங்கள். மெக்ஸிகன் ஜேக்களிடம் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள்: அவை கடலையை அலகில் தூக்கி ஆட்டிப் பார்த்து, கனமானதை எடுத்துக்கொண்டு வெறும் ஓட்டைக் கீழே போட்டன. உங்கள் ஆட்கள் தூக்கிப் பார்க்கிறார்களா, எத்தனை தூக்கிய பிறகு ஒன்றை எடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒட்டிய வாசனையாலும் பறவை விலகலாம், அதனால் பருப்புள்ள கடலைகளிலும் அதே பசையைத் தடவி வையுங்கள். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தினமும் கொட்டினால் சோதனை போய், பந்தியாகிவிடும்.

கூடு திருடர்கள் என்ற பழி

மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் இவர்கள் தின்பதை ஒருநாள் பார்ப்பீர்கள். மனம் கசக்கும். எழுதிவையுங்கள், ஆனால் அந்த ஒரு காட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2015இல் 42 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 81 சதவீத நேர்வுகளில் காக்கைக் குடும்பத்தால் இரைப் பறவைகளுக்குத் தெளிவான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அதே காக்கையின் கூட்டில் குயில் முட்டையிட்டுப் போவதும் இதே கணக்கில்தான் வரும்.

அழிவின் விளிம்பில் இருப்பவர்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. ஹவாய்க் காக்கை 2002இல் காட்டிலிருந்து மறைந்துபோனது. அடைத்து வளர்க்கப்பட்ட பறவைகள்தான் அப்போது மிஞ்சின. அவையும் குச்சியைக் கருவியாகப் பயன்படுத்துகின்றன என்பது 2016இல்தான் தெரிந்தது. கனடா ஜே அந்த விளிம்பில் இல்லை, ஆனால் அதற்கும் ஒரு கஷ்டம் உண்டு. அது எச்சிலால் இரையை மரத்தில் ஒட்டிவைத்து, குளிர் முடியும் முன்பே அதைக்கொண்டு குஞ்சு வளர்க்கும். இலையுதிர் காலம் சூடானால் அந்தச் சேமிப்பு கெட்டுப்போகிறது. அதற்கு இயற்கைதான் குளிர்பதனப் பெட்டி.

கடைசியாக, அடையும் இடம்

மாலையில் காக்கைகள் ஒரே திசையில் போவதைக் கண்டால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் திசையில் நகர்ந்து பாருங்கள். சில நாளில் அவை அடையும் மரங்களுக்குப் போய்ச் சேர்வீர்கள். மொத்தமாக எண்ண முயலாதீர்கள். வரும் வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிமிடத்துக்கு எத்தனை என்று பத்துப் பத்தாக எண்ணுங்கள்.

ஒருநாளாவது விடிவதற்கு அரை மணி முன்பு போய்விடுங்கள். ஜாக்டாக்களைக் கவனித்தவர்கள் 2022இல் சொன்னது இது: இருட்டில் ஒன்றிரண்டு குரல் தொடங்கும், ஏறும், கூட்டம் முழுக்கச் சேர்ந்ததும் சில நொடியில் மொத்தமும் எழும்பிவிடும். பதிவு செய்த குரல்களை ஒலிக்கவிட்டபோது சில நிமிடம் முன்னதாகவே கிளம்பின. உங்கள் மரத்துக் காக்கைகளும் அப்படித்தான் எழும்புகின்றனவா என்று தெரிய, முதல் குரல் கேட்ட நேரத்தையும் மரம் காலியான நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். டார்ச் அடிக்காதீர்கள். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், மரத்துக்கு நேர் கீழே நிற்கிறீர்கள்.